எக்ஸ்ரே நார்மல், ஆனா சாவி திருப்ப முடியல

கட்டைவிரல்ல அடிபட்டு நம்மகிட்ட வர்ற ஆளுங்களைப் பாத்தீங்கன்னா கையில ஒரு எக்ஸ்ரே கவர் இருக்கும், மணிக்கட்டைச் சுத்தி ஒரு க்ரேப் பேண்டேஜ் இருக்கும், அடிபட்ட கட்டைவிரல் மட்டும் கட்டுக்கு வெளிய ஃப்ரீயா ஆடிட்டு இருக்கும். "எலும்புல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க சார், வெறும் சுளுக்குதானாம், ஆனா ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, பைக் சாவி திருப்ப முடியல, தண்ணி பாட்டில் மூடி திறக்க முடியல." இந்த டயலாக்கை எத்தனை பேர் வாயில கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. கேக்கும்போதெல்லாம் எரிச்சலா வரும், ஏன்னா கட்டைவிரல் மூட்டோட பக்கவாட்டுல பிடிச்சு வச்சிருக்கிற ஜவ்வு, அதாவது லிகமென்ட், கிழிஞ்சிருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க அந்த எக்ஸ்ரேவுக்கு மேல ரெண்டு கையும் அஞ்சு நிமிஷப் பொறுமையும் போதும், பெரும்பாலும் வேற மெஷினே வேண்டாம். ஆனா அந்த அஞ்சு நிமிஷத்தை யாரும் குடுக்கறதில்ல. எக்ஸ்ரேவை வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறாங்க, கையைத் தொடாம அனுப்பிடறாங்க.

அதனால இது முழுக்க முழுக்க கையால பரிசோதிக்கிறதைப் பத்தின பதிவு. பிசியோ படிக்கிற தம்பி தங்கச்சிங்க, ஹவுஸ் சர்ஜன் பசங்க, ஸ்கூல்ல டீமைப் பாத்துக்கிற பி.டி. மாஸ்டருங்க, எல்லாருக்கும் உபயோகப்படும். மாஸ்டருங்க மட்டும் தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு கிரவுண்ட்லயே பசங்க விரலைப் பிடிச்சு வளைக்காதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல இடம். உங்க கட்டைவிரலையே பாருங்க, நகத்துக்குக் கீழ வர்ற முதல் மூட்டு ஐபி, அதுக்கும் கீழ, விரல் உள்ளங்கையோட வந்து சேர்ற இடத்துல இருக்கிறது எம்சிபி மூட்டு. இந்த எம்சிபியோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு லிகமென்ட் இருக்கு. ஆட்காட்டி விரலைப் பாத்த பக்கம் இருக்கிறது யுசிஎல், வெளிப்பக்கம் இருக்கிறது ஆர்சிஎல். நாம எதையாவது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு இறுக்கிப் பிடிக்கும்போது கட்டைவிரல் வெளிப்பக்கமா சாஞ்சு போயிடாம தாங்கிப் பிடிக்கிறது இந்த யுசிஎல்தான். அது போச்சுன்னா சாவி, பாட்டில் மூடி, கனமான தட்டு, பேனா, எல்லாத்துலயும் பிடி போயிடும். ஆர்சிஎல்லை விட யுசிஎல் ரொம்ப அதிகமா அடிபடும், அதனால பெரும்பாலும் அதைப் பத்திதான் பேசப்போறேன்.

யுசிஎல்லும் ஒரே பட்டை இல்ல, ரெண்டு பாகம். மெயினா ஒண்ணு, அதை ப்ராப்பர்னு சொல்லுவாங்க, மெட்டாகார்பல், அதாவது மூட்டுக்குக் கீழ உள்ளங்கைக்குள்ள இருக்கிற எலும்பு, அதோட தலையில ஆரம்பிச்சு விரல் எலும்போட அடிப்பகுதியில போய் ஒட்டும், மூட்டை மடக்கும்போது இது இறுகும். உள்ளங்கைப் பக்கமா இன்னொண்ணு, அக்ஸசரி, இது வோலார் ப்ளேட்ல, அதாவது மூட்டோட உள்ளங்கைப் பக்கம் இருக்கிற கெட்டியான தகடுல, போய் சேரும், விரலை நீட்டும்போது இறுகும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க, டெஸ்ட் மொத்தமும் இதுலதான் நிக்குது.

இந்த அடிக்கு வெள்ளைக்காரங்க வச்ச பேரு ரெண்டு. கேம்கீப்பர்ஸ் தம்ப்னு ஒண்ணு, ஸ்காட்லாந்துல வேட்டைக்காட்டைப் பாத்துக்கிறவங்க அடிபட்ட முயலோட கழுத்தைத் திருகிக் கொல்லுவாங்களாம், வருஷக்கணக்கா அதையே செஞ்சு செஞ்சு அவங்களுக்கு இந்த லிகமென்ட் தொளதொளன்னு ஆயிடும், இதை 1955-ல கேம்ப்பெல்ங்கிற டாக்டர் எழுதினாரு. இன்னொண்ணு ஸ்கீயர்ஸ் தம்ப், பனிச்சறுக்குல விழும்போது கையில இருக்கிற கம்பு கட்டைவிரலை வெளிய தள்ளி ஒரே அடியில கிழிக்கிறது. நமக்கு ஏது பனி. நம்ம பக்கம் டூவீலர் ஹேண்டில் பார்தான் அந்தக் கம்பு. அதுக்கு அடுத்து வாலிபால்ல ப்ளாக் போடறவங்க, கபடியில புடிக்கப்போய் எதிராளி டவுசர்ல விரல் மாட்டிக்கிட்டவங்க, கோல்கீப்பருங்க, கேட்ச் பிடிக்கப்போன பந்து விரல் நுனியில பட்டவங்க.

சரி, ஒருத்தர் வந்து உக்காந்துட்டாரு. கையைத் தொடறதுக்கு முன்னாடி எப்படி அடிபட்டதுன்னு கேளுங்க. "கீழ விழுந்துட்டேன்"னு சொல்றது பதில் இல்ல. விழும்போது கை எங்க இருந்துச்சு, கட்டைவிரல் எந்தப் பக்கம் போச்சு, ஏதாவது 'டப்'னு சத்தம் வந்த மாதிரி இருந்துச்சா, அடுத்த நாள் எங்க வீங்குச்சு, அது வேணும். டெலிவரி வேலை பாக்கிற ஒரு தம்பி வந்திருந்தான், மழையில வண்டி சறுக்கிடுச்சு.

"விழும்போது கை எங்கப்பா இருந்துச்சு?"

"ஹேண்டில விடல சார். வண்டி சாயுது, நான் விடாம பிடிச்சிட்டே போனேன்."

"கட்டைவிரல்?"

"அது ஹேண்டில்ல மாட்டி இப்படிப் போச்சு சார்"னு சொல்லி இன்னொரு கையால கட்டைவிரலை ஆட்காட்டி விரல்லேர்ந்து வெளிப்பக்கமா இழுத்துக் காட்டறான்.

பாதி டயக்னோசிஸ் அங்கயே முடிஞ்சது. "ஹேண்டில விடல"ன்னு யாராவது சொன்னா நான் நேரா யுசிஎல்லுக்குத்தான் போவேன். உள்ளங்கையைத் தரையில ஊணி விழுந்தேன்னு சொன்னா மனசு மணிக்கட்டுல இருக்கிற ஸ்கேஃபாய்டு எலும்புக்குப் போகணும், அது வேற கதை.

அடுத்து பாக்கணும். ரெண்டு கையையும் டேபிள் மேல பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொல்லுங்க. எம்சிபியோட உள்பக்கம், அதாவது ஆட்காட்டி விரலைப் பாத்த பக்கம் வீக்கமோ நீலம் பாஞ்ச ரத்தக்கட்டோ இருக்கா, கட்டைவிரல் லேசா வெளிப்பக்கம் சாஞ்ச மாதிரி நிக்குதா, இல்ல முறுக்கிக்கிட்ட மாதிரி இருக்கான்னு பாருங்க. அப்புறம் தொடறது. மொத்தக் கையாலயும் அமுக்கிட்டு "வலிக்குதா"ன்னு கேட்டா வலிக்குதுன்னுதான் சொல்லுவாங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரே ஒரு விரல் நுனியால, முடிஞ்சா பேனாவோட பின்பக்கத்தால, புள்ளி புள்ளியா அமுக்கணும். யுசிஎல் பெரும்பாலும் கீழ்முனையில, விரல் எலும்போட அடியில ஒட்டியிருக்கிற இடத்துலதான் பிய்யும், அதனால அங்க அமுக்கும்போது ஆளு துள்ளுவாரு. மெட்டாகார்பல் தலை, வெளிப்பக்க லிகமென்ட், உள்ளங்கைப் பக்கம் வோலார் ப்ளேட், கீழ மெட்டாகார்பல் மணிக்கட்டோட சேர்ற சிஎம்சி மூட்டு எல்லாத்தையும் அதே மாதிரி தொட்டுடுங்க, கடைசியா அனாட்டாமிக்கல் ஸ்னஃப்பாக்ஸ், அதாவது கட்டைவிரலை விரிச்சு நீட்டினா மணிக்கட்டு ஓரத்துல விழற பள்ளம். அங்க வலி இருந்தா எக்ஸ்ரே நார்மலா இருந்தாலும் ஸ்கேஃபாய்டு உடைஞ்சிருக்கும்னே வச்சுக்கிட்டு நடங்க, முதல் நாள் எக்ஸ்ரேல அது ஏமாத்தும்.

இப்ப முக்கியமான ஒரு ஸ்டாப். வளைச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே பாத்திருக்கணும். லிகமென்ட் சிலசமயம் தான் ஒட்டியிருக்கிற எலும்புத் துண்டையும் சேத்துப் பிச்சுக்கிட்டு வரும், அந்தத் துண்டு நகராம அதே இடத்துல உக்காந்திருந்தா அசையாம பிடிக்கிற ஸ்ப்ளின்ட்லயே ஆறிடும், நீங்க ஆர்வக்கோளாறுல வளைச்சு அதை நகத்திட்டீங்கன்னா ஆபரேஷன் வரைக்கும் போயிடும். கிரவுண்ட்ல வளைக்காதீங்கன்னு பி.டி. மாஸ்டருங்ககிட்ட சொன்னது இதுக்குத்தான். ஐஸ் வைங்க, விரலை அசையாம கட்டுங்க, அனுப்புங்க. எக்ஸ்ரேல சின்னத் துண்டு அதே இடத்துல இருக்குன்னா லிகமென்ட்டும் பத்திரமா இருக்குன்னு முடிவு பண்ணிடவும் கூடாது, துண்டு ஒரு பக்கம் உடைஞ்சு லிகமென்ட் தனியா இன்னொரு பக்கம் கிழிஞ்சு கிடக்கிற கேஸும் இருக்கு.

எக்ஸ்ரே பாத்தாச்சு, எலும்பு சரியா இருக்கு. இப்ப டெஸ்ட்.

முதல்ல நல்ல கையில பண்ணுங்க. இதுல ரெண்டு லாபம். ஒண்ணு, என்ன செய்யப்போறோம்னு அந்த ஆளுக்குப் புரிஞ்சுடும், அடிபட்ட கையை இறுக்கமா வச்சுக்காம தருவாரு. ரெண்டாவது, அவரோட நார்மல் என்னன்னு உங்க கைக்குத் தெரிஞ்சுடும். கட்டைவிரல் எம்சிபி ஆளுக்கு ஆள் அவ்ளோ மாறும், சிலருக்கு அது மடங்கவே மடங்காது, சிலருக்கு தொண்ணூறு டிகிரி வரைக்கும் மடங்கும், சில பொண்ணுங்களுக்கு கட்டைவிரலை வளைச்சு முன்கையிலயே தொட வச்சுடலாம், அவங்க மூட்டெல்லாம் பிறவியிலயே தளர்வு. அவங்க அடிபட்ட கையை மட்டும் பாத்துட்டு "ஐயோ கிழிஞ்சிருச்சு"ன்னு சொல்லிட்டீங்கன்னா உங்க மானம் போயிடும்.

பிடிக்கிற விதத்துலதான் எல்லாமே இருக்கு, இதை எந்தப் புக்ல படிச்சாலும் படம் போட்டு ஒரு அம்புக்குறி போட்டுட்டு முடிச்சுடுவாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். அவரோட கையை சுண்டுவிரல் பக்கம் டேபிள்ல படற மாதிரி, கை குலுக்க நீட்டற மாதிரி வைங்க. உங்க ஒரு கையோட கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அவரோட மெட்டாகார்பலை, மூட்டுக்குச் சரியா கீழ, கழுத்துப்பகுதியில கெட்டியா பிடிக்கணும். இங்க தளர்வா பிடிச்சா மெட்டாகார்பலே அடியில சிஎம்சி மூட்டுல நகரும், நீங்க எம்சிபி திறக்குதுன்னு நினைச்சுப்பீங்க. இன்னொரு கை விரல் எலும்பை, அதாவது எம்சிபிக்கு மேல உள்ள எலும்பை, அடிப்பகுதிக்குக் கிட்டத்துலயே பிடிக்கணும். நுனியில பிடிச்சா நடுவுல ஐபி மூட்டும் சேந்து வளையும், கணக்கு தப்பும். இப்ப எம்சிபியை ஒரு முப்பது டிகிரி மடக்குங்க. மடக்கின நிலையிலயே விரலை ஆட்காட்டி விரல்லேர்ந்து வெளிப்பக்கமா மெதுவா தள்ளுங்க. வெடுக்குன்னு இழுக்காதீங்க, மெதுவா, ஒரே சீரா.

இங்கதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடறது. மடக்கின நிலையில வெளிய தள்ளும்போது விரல் சாயறதுக்குப் பதிலா தன்னையே அச்சா வச்சு சுத்தும். பாக்கறதுக்கு அப்படியே மூட்டு திறக்கிற மாதிரியே தெரியும். இதுல ஏமாறாம இருக்க நான் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொல்ற ஒரே வழி: மூட்டைப் பாக்காதீங்க, நகத்தைப் பாருங்க. டெஸ்ட் ஆரம்பிக்கும்போது நகம் எந்தத் திசையைப் பாத்துச்சோ முடியும்போதும் அதே திசையைப் பாக்கணும். நகம் திரும்புதுன்னா விரல் சுத்துது, பிடியை மாத்திட்டு மறுபடி ஆரம்பிங்க. நகம் திரும்பாம விரல் மட்டும் சாயுதுன்னா அதுதான் நிஜமான திறப்பு. உங்க பிடியில இருக்கிற விரல் ஒண்ணை அப்படியே மூட்டோட உள்பக்க ஓரத்துல வச்சீங்கன்னா அங்க ஒரு பள்ளம் விழறதையும் உணரலாம்.

எவ்ளோ திறந்தா கிழிஞ்சதுன்னு அர்த்தம்? பொதுவா சொல்ற கணக்கு 30-லேர்ந்து 35 டிகிரிக்கு மேல திறந்தா, இல்லன்னா நல்ல கையை விட 15 டிகிரிக்கு மேல அதிகமா திறந்தா, முழுசா கிழிஞ்சதுன்னு எடுத்துக்கணும். விரலுக்குன்னே கோணம் அளக்கிற சின்ன கோனியோமீட்டர் இருக்கு, இருந்தா வச்சு அளங்க. ஆனா எனக்குக் கேட்டா டிகிரியை விட முக்கியம் எண்ட் பாயிண்ட். நல்ல கையில தள்ளிக்கிட்டே போனா ஓர் இடத்துல கெட்டியா நிக்கும், அதுக்கு மேல ஒரு மில்லிமீட்டர் கூடப் போகாது. பாதி கிழிஞ்சிருந்தா வலிக்கும், கொஞ்சம் அதிகமா திறக்கும், ஆனா கடைசியில அந்தக் கெட்டி இருக்கும். முழுசா போயிருந்தா நிக்கவே நிக்காது, குழையும், எங்க நிறுத்தறதுன்னு உங்களுக்கே தெரியாது. அந்த டெலிவரி தம்பிக்குப் பண்ணும்போது நகம் ஒரு துளி திரும்பல, விரல் பாட்டுக்குப் போயிட்டே இருக்கு, அவனே பதறிப்போய் "சார் அது எங்க சார் போகுது"ன்னு கேட்டான். வலி கூட பெருசா இல்ல. இதுவும் ஒரு குறிப்புதான், பாதி கிழிஞ்சவன் கத்துவான், முழுசா கிழிஞ்சவனுக்கு இழுக்க அங்க ஒண்ணும் இல்லாததால சிலசமயம் வலியே கம்மியா இருக்கும். வலி கம்மின்னா அடி கம்மின்னு நினைக்கறது நம்ம வழக்கம், இந்த மூட்டுல அது எடுபடாது.

அடுத்து இதே டெஸ்ட்டை விரலை முழுசா நீட்டி வச்சுப் பண்ணணும். மேல சொன்னேனே, நீட்டும்போது இறுகறது அக்ஸசரி. மடக்கினப்போ திறந்துச்சு, நீட்டினப்போ கெட்டியா நிக்குதுன்னா ப்ராப்பர் மட்டும் போயிருக்கு, அக்ஸசரி இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. நீட்டினாலும் தொளதொளன்னு திறக்குதுன்னா ரெண்டுமே போச்சு. நிறைய பேர் நீட்டி வச்சு மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு "ஸ்டேபிளா இருக்கு"ன்னு எழுதிடறாங்க, அக்ஸசரி இவங்களை ஏமாத்திடுது. ரெண்டு நிலையிலயும் பாக்கலன்னா அது டெஸ்ட்டே இல்ல.

புதுசா அடிபட்டவங்க தொடவே விடமாட்டாங்க, அது நியாயம். வலியில கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கிற அட்டக்டர் தசை தானா இறுகி விரலைப் பிடிச்சுக்கும், கிழிஞ்ச மூட்டு கூட அப்ப ஸ்ட்ராங்கா இருக்கிற மாதிரி காட்டும். டாக்டர் பக்கத்துல இருந்தா மூட்டைச் சுத்திக் கொஞ்சம் லிக்னோகெய்ன், அதாவது மரத்துப்போற ஊசி, போடச் சொல்லலாம், மரத்ததும் உண்மை வெளிய வரும். அந்த வசதி இல்லன்னா கட்டைவிரலை அசையாம ஸ்ப்ளின்ட்ல போட்டு, வீக்கம் வடியட்டும்னு சில நாள் விட்டு மறுபடி வரச் சொல்லிப் பாருங்க. முதல் நாள் டெஸ்ட் பண்ண முடியலன்னா 'பண்ண முடியல'ன்னு எழுதுங்க, 'நார்மல்'னு எழுதாதீங்க.

இவ்ளோ மெனக்கெட்டு பாதியா முழுசான்னு ஏன் பிரிச்சுப் பாக்கணும்? ஸ்டெனர்ங்கிற ஒரு ஆளுதான் காரணம். பெர்ட்டில் ஸ்டெனர், ஸ்வீடன்காரர். 1962-ல அவர் எழுதினது இதுதான்: யுசிஎல் மேல அட்டக்டர் தசையோட ஒரு மெல்லிய விரிப்பு, அப்போனியூரோசிஸ், போர்த்திக்கிட்டு இருக்கு. விரல் வெளிய சாஞ்சு லிகமென்ட் கீழ்முனையில பிஞ்சதும் அந்தப் பிஞ்ச முனை விரிப்புக்கு அடியிலேர்ந்து நழுவி வெளிய வந்துடும், விரல் நேராகும்போது விரிப்பு திரும்பி வந்து நடுவுல உக்காந்துக்கும், லிகமென்ட் முனை அதுக்கு மேல மடிஞ்சு கிடக்கும். சட்டையை பெல்ட்டுக்குள்ள டக்-இன் பண்ணியிருக்கோம், எதையோ எடுக்கக் குனிஞ்சு நிமிர்ந்ததும் வெளிய வந்து பெல்ட் மேல தொங்குது, அதுக்கப்புறம் எவ்ளோ நேரம் விறைப்பா நின்னாலும் தானா உள்ள போகுமா? அதே கதைதான். லிகமென்ட்டுக்கும் அது ஒட்ட வேண்டிய எலும்புக்கும் நடுவுல தடுப்பு இருக்கு, மாவுக்கட்டுல ஆறு மாசம் போட்டாலும் ஒட்டாது, ஆபரேஷன் ஒண்ணுதான் வழி. ஸ்டெனர் திறந்து பாத்த முழுக் கிழிசல் 39-ல 25 இப்படித்தான் இருந்துச்சு. ஆபரேஷன் வரைக்கும் போன கேஸுங்களோட கணக்கு அது, ஆனாலும் சும்மா விடற எண்ணிக்கையா அது?

கையால இதைக் கண்டுபிடிக்க முடியுமான்னா, பாதி முடியும். மடிஞ்சு கிடக்கிற அந்த முனை எம்சிபிக்குக் கொஞ்சம் கீழ, மணிக்கட்டுப் பக்கமா, உள்பக்க ஓரத்துல ஒரு சின்ன உருண்டை மாதிரி தட்டுப்படும், அமுக்கினா சுருக்குன்னு வலிக்கும். மூட்டும் எண்ட் பாயிண்ட் இல்லாம திறக்குது, உருண்டையும் தட்டுப்படுதுன்னா நான் யோசிக்கவே மாட்டேன், நேரா கை சர்ஜன்கிட்டதான். அந்தத் தம்பிக்கும் இருந்துச்சு, ஒரு பட்டாணி சைஸ், ஆபரேஷன்ல திறந்தப்போ விரிப்புக்கு மேலதான் கிடந்துச்சாம். ஆனா உருண்டை தட்டுப்படலங்கிறதால ஸ்டெனர் இல்லன்னு சொல்லிட முடியாது, வீக்கத்துக்குள்ள அது ஒளிஞ்சுக்கும், சாதா வீக்கமும் சிலசமயம் உருண்டை மாதிரியே வேஷம் போடும். இங்கதான் ஸ்கேன் வேணும். நல்லா கை பழகின ஆளு பண்ற அல்ட்ராசவுண்ட்ல தெரியும், எம்ஆர்ஐல இன்னும் தெளிவா தெரியும். நான் ஸ்கேனுக்கு எதிரி கிடையாது. எண்ட் பாயிண்ட் நல்லா இருக்கிற எல்லாரையும் எம்ஆர்ஐக்கு அனுப்பறதும், எண்ட் பாயிண்டே இல்லாதவனை சுளுக்குன்னு வீட்டுக்கு அனுப்பறதும் ஒரே ஊர்ல நடக்குதே, அதுதான் எனக்குத் தாங்கல.

ஆர்சிஎல் பத்தி ரெண்டு வரி. விரல் உள்பக்கமா, ஆட்காட்டி விரல் மேல மடங்கற மாதிரி அடிபட்டா இது போகும். வலி வெளிப்பக்கம், டெஸ்ட்டும் எதிர்த்திசை, மத்ததெல்லாம் அதே முறை. அந்தப் பக்கம் இருக்கிற விரிப்பு அகலமானது, அதனால ஸ்டெனர் மாதிரி நழுவறது அபூர்வம். ஆனா கவனிக்காம விட்டா விரல் எலும்பு உள்ளங்கைப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, மெட்டாகார்பல் தலை மேல துருத்திக்கிட்டு நிக்கும், பக்கவாட்டு எக்ஸ்ரேல பாத்தா தெரியும்.

அடிபட்ட கதையே இல்லாம, கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி கட்டைவிரல் வலிக்குதுன்னு ஒரு அம்மா வந்தாங்கன்னா இந்த டெஸ்ட்டெல்லாம் வேண்டாம், வலி மணிக்கட்டு ஓரத்துல இருக்கும், அது டீ குவர்வெய்ன், தசைநாண் உறையோட பிரச்சனை. வயசானவங்களுக்கு கட்டைவிரல் அடியில வலின்னா சிஎம்சி தேய்மானம். ரெண்டுமே லிகமென்ட் இல்ல.

சுளுக்கு வழிக்கிறதைப் பத்தியும் சொல்லியே ஆகணும், திட்டினாலும் பரவால்ல. எண்ணெய் போட்டு நீவி, 'டொக்'னு ஒரு இழு இழுத்து விட்டாத்தான் சுளுக்கு போகும்னு நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை. முதுகுப் பிடிப்புக்கு நீவினா எனக்கு சண்டை இல்ல. புதுசா அடிபட்ட கட்டைவிரலை இழுக்காதீங்க. பாதி கிழிஞ்சு ஸ்ப்ளின்ட்லயே ஆறியிருக்க வேண்டிய லிகமென்ட்டை எதுக்கு முழுசா முடிச்சு வைக்கணும். "எங்க தாத்தா இழுத்து எத்தனை பேருக்கு சரியாச்சு தெரியுமா"ன்னு கேக்கறவங்க இருப்பாங்க, அவங்களுக்கு பாதி கிழிசலோ வெறும் வீக்கமோ இருந்திருக்கும், இழுக்காமயே சரியாகியிருக்கும்.

பாதி கிழிசல்னு முடிவாச்சுன்னா தம்ப் ஸ்பைக்கா, அதாவது கட்டைவிரலையும் சேத்து, எம்சிபி அசையாம பிடிக்கிற ஸ்ப்ளின்ட், நாலுலேர்ந்து ஆறு வாரம். ஐபி மூட்டை ஃப்ரீயா விட்டுடலாம், நுனியை மடக்கி நீட்டிக்கிட்டு இருந்தா இறுகிப்போகாது. மணிக்கட்டுல மட்டும் க்ரேப் பேண்டேஜ் சுத்திட்டு கட்டைவிரலை வெளிய விடறது யாரு கண்டுபிடிச்ச வைத்தியம்னு எனக்கு இன்னும் புரியல.

முழுக் கிழிசல்னா நாள் முக்கியம். மூணு வாரத்துக்குள்ள போயிட்டா பிஞ்ச முனையை இழுத்து அதே இடத்துல ஆங்கர், அதாவது எலும்புல பதிக்கிற சின்னப் பிடிப்பு, வச்சு தச்சுடுவாங்க. ரொம்ப நாள் ஆயிடுச்சுன்னா முனை சுருங்கி தழும்பா ஆயிடும், தைக்க ஒண்ணும் மிஞ்சாது, வேற இடத்துலேர்ந்து தசைநாண் எடுத்து புதுசா கட்டணும், பெரும்பாலும் முன்கையில இருக்கிற பாமாரிஸ் லாங்கஸ். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியில சேத்து மணிக்கட்டை லேசா மடக்கிப் பாருங்க, நடுவுல ஒரு கயிறு மாதிரி எழும்பினா அதுதான். சிலருக்குப் பிறவியிலயே அது இருக்காது, இல்லன்னாலும் கைக்கு ஒரு நஷ்டமும் இல்ல, அதனாலதான் அதை எடுக்கறாங்க. எங்க போறதுன்னு கேக்கறவங்களுக்கு, கைக்குன்னே பழகின சர்ஜனா பாத்துப் போங்க. தனியார்லதான் இருக்காங்கன்னு இல்ல, சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில கை அறுவை சிகிச்சைக்குன்னே பேராசிரியர் வெங்கடசாமி உருவாக்கின தனிப் பிரிவு பல வருஷமா இருக்கு.

அனுப்பும்போது லெட்டர்ல 'தம்ப் ஸ்ப்ரெய்ன், ஃபார் ஒப்பீனியன்'னு ஒரு வரி கிறுக்கி அனுப்பாதீங்க. எந்தக் கை, அந்தக் கைதான் அவர் வேலை செய்யற கையா, என்ன வேலை பாக்கறாரு, எக்ஸ்ரேல துண்டு இருக்கா, முப்பது டிகிரியில எவ்ளோ திறந்துச்சு, நீட்டினப்போ எவ்ளோ, நல்ல கையில எவ்ளோ, எண்ட் பாயிண்ட் இருந்துச்சா, உருண்டை தட்டுப்பட்டதா, இவ்ளோதான், அஞ்சாறு வரியில அடங்கிடும். அடிபட்ட தேதியை மட்டும் முதல் வரியில, கொஞ்சம் பெருசா எழுதுங்க. ஓபியில அந்த லெட்டரைப் பிரிச்சுப் பாக்கிற ஆளு, இவரை இந்த வாரமே டேபிள்ல ஏத்தணுமா, அடுத்த மாசம் வரச் சொல்லலாமான்னு முடிவு பண்றது அந்தத் தேதியை வச்சுத்தான்.